கேள்வி–பதில்: பிசின் விழுந்த கார்

மரத்தடியில் கார் நிறுத்துகிறவர்களின் கடிதங்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. அதனால் இந்த வாரம் வேறு எதையும் எடுக்கவில்லை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். என்னைத் திட்டியிருந்த வரிகள் போனதும் அந்தச் சுருக்கத்தில்தான்.

கேள்வி: வாசலில் உள்ள மரத்தடியில்தான் கார் நிற்கும். காலையில் எடுக்கப் போனால் கூரை, பானட், கண்ணாடி எல்லாம் பிசுபிசு. மரப்பிசின் நீக்கும் திரவம் ஒன்றைக் கடையில் காட்டினார்கள். வாங்கலாமா?

பதில்: முதலில் விழுந்தது பிசின்தானா என்று பாருங்கள். வண்டி முழுக்கப் பொடிப்பொடித் துளியாக, சர்க்கரைத் தண்ணீரைத் தெளித்த மாதிரி இருந்தால் அது மரம் கசிந்ததே இல்லை. கைக்கு எட்டும் இலை ஒன்றைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். அசுவினி, மாவுப்பூச்சி, செதில்பூச்சி, வெள்ளை ஈ இவற்றில் ஏதோ ஒன்று கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். மரத்தின் சாற்றில் சர்க்கரை ஏராளம். பூச்சிக்கு வேண்டிய மற்ற சத்து கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்காக நிறைய உறிஞ்சிவிட்டு, மிஞ்சிய சர்க்கரையை வெளியே தள்ளுகின்றன. உங்கள் பானட்டில் மினுங்குவது பூச்சியின் கழிவு. அடிமரத்தில் எறும்புச் சாரை ஏறி இறங்கினால் சந்தேகமே வேண்டாம். நாள்பட விட்டால் அதன்மேல் கரும்பூசணம் பிடித்து, கார் கரி படிந்ததுபோல் ஆகிவிடும்.

சர்க்கரையைக் கரைக்க எதற்குக் காசு கொடுத்து ரசாயனம்? வெதுவெதுப்பான தண்ணீரும் கார் ஷாம்புவும் போதும். காய்ந்திருந்தால் கொஞ்ச நேரம் ஊறவிட்டுக் கழுவுங்கள்.

நிஜமான மரக்கசிவு வேறு. அது அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய துளியாக விழும். கருவேலம், முருங்கை மாதிரி மரங்களின் கோந்து தண்ணீரில் ஊறினால் இளகும். பைன் வகை மரங்களின் பிசின் தண்ணீருக்கு மசியாது, ஆல்கஹால் வேண்டும். பலா, ஆல் போன்றவற்றின் பால் காய்ந்தால் ரப்பராக இழுபடும். அதற்கு எண்ணெய்ப் பசையுள்ளது ஏதாவது தொட்டு ஊறவைக்க வேண்டும். எது என்று தெரியாவிட்டால் ஈரத்துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு வையுங்கள். இளகினால் அந்தத் திரவத்தின் காசு மிச்சம்.

கேள்வி: டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் பிசின் போய்விடும் என்கிறார்களே?

பதில்: போகும். பெயின்ட்டின் பளபளப்பும் சேர்ந்து போகும்.

கேள்வி: பெட்ரோலோ தின்னரோ தொட்டுத் துடைப்பது எங்கள் மெக்கானிக்கின் வழக்கம். சரியா?

பதில்: சரியில்லை. பெட்ரோலில் பிசின் கரையும்தான். கூடவே பூசியிருந்த வேக்ஸும் போகும், கதவோர ரப்பர் உப்பும், எங்கிருந்தாவது ஒரு பொறி வந்தால் காரே போகும். தின்னர் அதைவிட மோசம். பட்டறையில் மறுபெயின்ட் அடித்த கதவில் பட்டால் பெயின்ட்டே துணியோடு வந்துவிடலாம். முகப்பு விளக்கின் மூடி பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதில் அசிட்டோன் பட்டால் நுண்ணிய வெடிப்பு விட்டு வெளுத்துப்போகும். நெயில்பாலிஷ் ரிமூவர் தொடலாமா என்று கேட்டிருக்கும் இன்னொருவருக்கும் இதே பதில்தான். அதில் பலவும் அசிட்டோன்தான்.

கேள்வி: வெளியூர் போயிருந்தபோது கார் பைன் மரத்தடியில் இரண்டு மாதம் நின்றுவிட்டது. பானட்டில் கெட்டியான மஞ்சள் துளிகள். ஒன்றைக் கத்தி முனையால் பெயர்த்தேன். துளியோடு ஒரு கீறலும் மிச்சம். மற்றவற்றை என்ன செய்ய?

பதில்: கத்தியை எடுத்த இடத்தில் வையுங்கள்.

காரை முதலில் கழுவுங்கள். தூசியோடு தேய்த்தால் ஒவ்வொரு மணலும் ஒரு கோடு போடும். பிறகு நிழலில் நிறுத்தி, பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஆறவிடுங்கள். சூட்டில் ஆல்கஹால் வேலை செய்யும் முன்பே ஆவியாகிவிடும். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போதும். கண்ணில் படாத ஓர் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள். சமீபத்தில் மறுபெயின்ட் அடித்த பாகமானால் இதைத் தொடவே வேண்டாம், அடித்தவரையே கேளுங்கள்.

பஞ்சை நன்றாக நனைத்துத் துளியின்மேல் வைத்துவிட்டு அரை நிமிடம், ஒரு நிமிடம் சும்மா இருங்கள். இந்தச் சும்மா இருப்பதுதான் பலருக்கு முடியவில்லை. பஞ்சைத் தூக்கிப் பார்த்தால் துளியின் ஓரம் கலங்கலாகி, விளிம்பு இளகத் தொடங்கியிருக்கும். அழுத்தாமல் ஒருமுறை இழுங்கள். புதுப்பஞ்சு, மறுபடி அதே. மேலிருந்து அடுக்கடுக்காகக் கரைந்து வரும். பழைய பஞ்சையே திருப்பித் திருப்பித் தேய்த்தால் கரைந்த பிசினை நீங்களே பானட் முழுக்கப் பூசிக்கொண்டிருப்பீர்கள். முடிந்ததும் கழுவி, அந்த இடத்தில் வேக்ஸ் போடுங்கள். ஆல்கஹால் பழையதை எடுத்திருக்கும்.

பிசின் போன பிறகும் வட்டமாக ஒரு தடம் தெரியலாம். இரண்டு மாத வெயிலில் சூடேறி இளகிய கிளியர்கோட்மேல் (நிறத்துக்கு மேலே அடிக்கும் நிறமற்ற பெயின்ட் அடுக்கு) துளி சுருங்கிக் காய்ந்ததில் விழுந்த பள்ளம் அது. அதை எந்தத் திரவமும் எடுக்காது. பாலிஷ்தான் போட வேண்டும். அதுவும் ஆழமாக இறங்காமல் இருந்தால்.

இதற்கென்றே விற்கிற ‘பிசின் நீக்கி’ ஒன்றை நானும் வாங்கி வைத்திருக்கிறேன். ஆரஞ்சுப் பழ வாசனை, அலமாரிக்கு அழகு. மருந்துக் கடைப் பாட்டில் செய்யாத எதையும் அது செய்யவில்லை.

கேள்வி: புதுக் கார் வாங்கும்போது ஷோரூமிலேயே செராமிக் கோட்டிங் என்ற காப்புப் பூச்சைப் போட வைத்தார்கள். ‘9ஹெச் கடினம், பிசின் ஒட்டவே ஒட்டாது, ஐந்து வருடம் உத்தரவாதம்’ என்றார்கள். எட்டு மாதத்தில் பானட்டில் பிசின் தடம். கேட்டால் ‘உடனே துடைக்காதது உங்கள் தவறு’ என்று உத்தரவாத அட்டையின் பின்பக்கத்தைக் காட்டுகிறார்கள். நான் ஏமாந்துவிட்டேனா?

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். வாங்கியவர்மேல் பழி போடுகிற மாதிரி நான் எழுதமாட்டேன்.

இந்த 9ஹெச் விஷயத்தைப் பல நாளாகச் சொல்ல நினைத்திருந்தேன், இன்று சொல்லிவிடுகிறேன். அது பென்சில். ஆமாம், எழுதுகிற பென்சில்தான். பெயின்ட் பூச்சுகளுக்கு ‘பென்சில் சோதனை’ என்று ஒன்று உண்டு. ஐஎஸ்ஓ 15184 என்ற தர அளவில் இருக்கிறது. மென்மையான பி வரிசையிலிருந்து கடினமான ஹெச் வரிசைவரை பென்சில்களை வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட எடையோடு 45 டிகிரி சாய்வில் பூச்சின்மேல் தள்ளிப் பார்ப்பார்கள். எந்தப் பென்சிலுக்கும் கீறல் விழவில்லையா, 9ஹெச் என்று எழுதிக்கொள்வார்கள். வரிசை அதோடு முடிகிறது. பென்சில் முனையில் இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும். அந்த முனையைச் சாதாரண மணல் துகளே கீறிவிடும். இந்தச் சோதனையில் தேறிய பூச்சு, மணல் ஒட்டிய துணிக்குத் தாங்கும் என்று எவரும் சொல்லவில்லை.

விற்கிறவர் என்ன செய்கிறார்? கனிமங்களின் கடினத்துக்கு மோஸ் என்று வேறோர் அளவு இருக்கிறது. அதில் வைரத்துக்கு 10. அங்கே 10, இங்கே 9, ஆகவே வைரத்துக்கு ஒரு படி கீழே என்று வாங்குபவர் தானாகவே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார். சிலர் வாய்விட்டே சொல்கிறார்கள். இரண்டு அளவுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

கடினமே என்று வைத்துக்கொள்வோம். பிசினுக்கும் கடினத்துக்கும் என்ன சம்பந்தம்? பிசின் கீறுவதில்லை. ஒட்டிக்கொண்டு, வெயிலில் காய்ந்து, தடம் பதிக்கிறது. அந்தச் செராமிக் பூச்சின் கனம் ஒன்று, இரண்டு மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), சிலவற்றில் அதற்கும் குறைவு. அடியில் இருக்கும் கிளியர்கோட் சுமார் 35 முதல் 50 மைக்ரான். பூச்சு நல்லதாக இருந்தால் அழுக்கு லேசாக விடும், கழுவுவது சுலபமாகும், பிசினைத் துடைக்கச் சற்று அவகாசம் கிடைக்கும். அவ்வளவுதான். அதற்கு ஒரு விலை கொடுக்கலாம், தப்பில்லை. ‘ஒட்டவே ஒட்டாது’ என்று சொல்லி வாங்கிய விலையைத்தான் நான் ஏற்கமாட்டேன். விற்கும்போது தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடுவதைக் காட்டியிருப்பார்கள். சாதாரண வேக்ஸ் போட்ட காரிலும் அது அப்படியேதான் உருளும்.

இனி செய்ய வேண்டியது. அட்டையை உங்களுக்கு எப்போது கொடுத்தார்கள், பணம் கட்டும் முன்பா பின்பா? பின்பு என்றால் அதை முதல் வரியில் எழுதுங்கள். ஷோரூம் விளம்பரம், விற்பனையாளர் அனுப்பிய செல்பேசிச் செய்தி, பில் எல்லாவற்றையும் சேர்த்து, ‘ஒட்டாது’ என்று எங்கே சொல்லியிருக்கிறார்களோ அந்த இடத்தை அடிக்கோடிடுங்கள். உத்தரவாதம் தருவது ஷோரூமா, பூச்சைத் தயாரித்தவரா என்று பாருங்கள். இருவருக்கும் எழுத்தில் புகார் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசியது எதுவும் நிற்காது. தடத்தைச் சாய்வான வெளிச்சத்தில், தேதியோடு படம் எடுங்கள். அவர்கள் பதிலை வைத்துக்கொண்டு நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்புக்குப் போகலாம். முடிவு வரும்வரை அந்த இடத்தை வேறு யாரிடமும் கொடுத்துத் தேய்க்காதீர்கள். ‘நீங்களே கெடுத்தீர்கள்’ என்பதுதான் அவர்களின் அடுத்த பல்லவியாக இருக்கும்.

கேள்வி: மூன்று விதமான வேக்ஸ், ஒரு களிமண் கட்டி, ரப்பிங் காம்பவுண்ட், பாலிஷ் மெஷின் எல்லாம் வாங்கிவிட்டேன். எதை முதலில் போடுவது?

பதில்: எல்லாவற்றையும் வாங்கிய பிறகா இந்தக் கேள்வி? காரைக் கழுவினேன் என்று மூன்று பக்கக் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. அதுதான் முதலில்.

பிறகு பிசின் துளிகளை மட்டும் ஆல்கஹாலால் எடுங்கள். சுத்தமான இடத்தில் விரல் நுனியை ஓட்டிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால், பெயின்ட்டில் ஒட்டிய துகளை இழுத்தெடுக்கும் அந்தக் களிமண் கட்டி, அதுவும் வழுக்கு திரவம் தெளித்துக்கொண்டு. கட்டி தரையில் விழுந்தால் குப்பையில் போடுங்கள். கழுவி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், ஒட்டிய மணல் போகாது. கடைசியில் ஏதாவது ஒரு வேக்ஸ். மற்ற இரண்டையும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

மெஷினும் காம்பவுண்டும் பெட்டியிலேயே இருக்கட்டும். புதுக் காரின் பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். அதில் மேலே இருக்கும் கிளியர்கோட்டைத்தான் காம்பவுண்ட் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி எடுக்கிறது. தடம் விழுந்த இடத்தில் மட்டும், தெரிந்தவர் கையால் போட வேண்டியதை ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக ஆக்கிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: வேக்ஸ், சீலன்ட், செராமிக், பிபிஎஃப். மரத்தடிக் காருக்கு எது?

பதில்: கார்னோபா வேக்ஸ் சில வாரங்கள் நிற்கும், மிஞ்சினால் இரண்டு மூன்று மாதம். வேக்ஸ் மாதிரியே பூசும் செயற்கை சீலன்ட் அதைவிடக் கூடுதலாக, சில மாதங்கள். செராமிக் பற்றி மேலே போதுமான அளவு கத்திவிட்டேன். பிபிஎஃப் என்பது பாலியூரித்தேன் படலம், 150 முதல் 200 மைக்ரான் கனம். பிசின் பெயின்ட்டைத் தொடாது, கெட்டால் படலம்தான் கெடும். ஆனால் விலை அதிகம், அந்தப் படலத்தையும் துடைத்துத்தான் ஆக வேண்டும். நான் சொந்தக் காருக்குப் போடுவது சீலன்ட். பின்னிருக்கையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் இரண்டு மைக்ரோஃபைபர் துணியும் எப்போதும் கிடக்கும். விழுந்த அன்றே துடைத்தால் எந்தப் புட்டி வாங்கினோம் என்பது பெரிய விஷயமில்லை.

கேள்வி: பிசினுக்குப் பயந்து கவர் போட்டேன். இப்போது கூரையிலும் கதவோரத்திலும் மெல்லிய கீறல்கள். கவர் தரமற்றதா?

பதில்: கவரும் காரணமாக இருக்கலாம், போட்ட விதமும் காரணம். தூசி படிந்த கார்மேல் கவரை இழுத்தால் அது உப்புத்தாள். தொளதொள கவர் காற்றில் அடித்துக்கொண்டே இருந்தால் கதவோரம் தேயும். பிசின் விழுந்து ஊறி உள்பக்கம் வந்த கவரை அப்படியே திரும்பப் போட்டால் பிசினைக் காருக்கு நீங்களே ஒத்தி எடுக்கிறீர்கள். வெள்ளி நிறத்தில் பளபளவென்று, காற்றே புகாத ஒரு கவர் என்னிடமும் இருந்தது. மழைக்குப் பிறகு திறந்தால் உள்ளே வியர்த்து நிற்கும். அது இப்போது மாடியில் விறகுக்குப் போர்வை.

மீண்டும் வாங்குவதானால் உங்கள் மாடலின் அளவுக்கே தைத்தது, உள்பக்கம் மெத்தென்ற துணி, ஆவி வெளியேறும் ரகம் என்று பாருங்கள். கார் சுத்தமாக இருந்தால் மட்டும் போடுங்கள். கவரையும் துவைக்க வேண்டும். தினமும் எடுக்கும் காருக்குக் கவர் எதற்கு என்று என்னைக் கேட்டால், எனக்கும் புரியவில்லை.

கேள்வி: பக்கத்து வீட்டு மரத்திலிருந்து பிசுபிசுப்பு கொட்டுகிறது. மரத்தை வெட்டச் சொல்லிச் சட்டப்படி நோட்டீஸ் விடலாமா?

பதில்: முதல் கேள்வியின் பதிலைப் படியுங்கள். பூச்சி செய்ததற்கு மரத்துக்கா தண்டனை? எறும்புகள் அந்த இனிப்புக்காகவே அசுவினியைக் காவல் காக்கின்றன. பொறிவண்டு அதைத் தின்ன வந்தால் விரட்டிவிடும். அடிமரத்தைச் சுற்றி ஒட்டும் பட்டை கட்டினால் எறும்பு மேலே ஏறாது, பொறிவண்டு தன் வேலையைப் பார்க்கும். பசையை நேரே மரப்பட்டையில் தடவாமல் ஒரு துணியோ தாளோ சுற்றி அதன்மேல் தடவுங்கள். கார்மேல் நீட்டிய கிளை சுவரையோ கம்பியையோ தொட்டுக்கொண்டிருந்தால் எறும்பு அந்த வழியாக வரும். அதைக் கழித்துவிடச் சொல்லுங்கள். நோட்டீசை விட அண்டைவீட்டாரிடம் ஒரு நல்ல வார்த்தை மலிவு.

கேள்வி: பழைய கார் ஒன்றைப் பளபளப்பைப் பார்த்து வாங்கினேன். நாலைந்து தடவை கழுவியதும் கூரை முழுக்க வட்ட வட்டத் தடங்கள், வலைபோல் கீறல்கள். விற்ற தரகர் ‘நீங்கள் மரத்தடியில் நிறுத்தியிருப்பீர்கள்’ என்கிறார். எங்கள் தெருவில் மரமே இல்லை.

பதில்: கடைசி வரியைப் படித்துச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. கிளேஸ் என்று ஒன்று உண்டு. நுண்கீறல்களையும் ஆழமில்லாத பள்ளங்களையும் நிரப்பி மறைக்கும். விற்கும் நாள்வரை நின்றால் போதும் என்று பூசுவார்கள். நாலு தடவை ஷாம்பு போட்டால் அது கிளம்பிவிடும். உங்களுக்கு நடந்தது அநேகமாக அதுதான்.

விற்கும்போது எடுத்த படங்கள், விளம்பரத்தில் பெயின்ட் பற்றி எழுதிய வரி, வாங்கிய தேதி இவற்றோடு எழுத்தில் கேளுங்கள். நடுநிலையான பெயின்ட் வேலைக்காரர் ஒருவரிடம் தடத்தின் பழமையைப் பற்றி எழுதி வாங்குங்கள். முழுப் பணமும் திரும்பும் என்று நம்பிக்கை தரமாட்டேன், ஆனால் பாலிஷ் செலவையாவது அவர் தலையில் கட்டப் பாருங்கள்.

இனி பழைய கார் பார்க்கப் போகிற மற்றவர்களுக்கு: கூரையை மறக்காதீர்கள். எல்லாரும் பானட்டைப் பார்க்கிறார்கள், மரத்திலிருந்து விழுவது முதலில் கூரையில்தான். செல்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடியுங்கள். உரிமையாளர் அனுமதியோடு ஓர் ஓரத்தை ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துப் பாருங்கள்; மறைத்தது வெளியே வரும். ‘வேண்டாம், துடைக்காதீர்கள்’ என்று பதறினால் வேறு கார் பாருங்கள். பெயின்ட் கனம் அளக்கும் கருவி வைத்திருப்பவரை அழைத்துப் போனால் இன்னும் நல்லது. உலோகத்தில் மட்டும்தான் அது வேலை செய்யும், பிளாஸ்டிக் பம்பரில் சாதாரணக் கருவி எண் காட்டாது. ஒரு கதவு மட்டும் மற்றவற்றைவிட மிக அதிகமாகக் காட்டினால் அங்கே மறுபெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

கேள்வி: என் கார் மேட் ஃபினிஷ், பளபளப்பில்லாத பெயின்ட். பிசின் தடத்தைப் பாலிஷ் போட்டு எடுக்கலாமா?

பதில்: கூடாது. அந்த இடம் மட்டும் பளபளக்கும், திரும்பவும் மேட் ஆக்க முடியாது. வேக்ஸும் வேண்டாம். மேட்டுக்கென்றே உள்ள கிளீனர், அதிலும் போகாவிட்டால் தயாரித்தவரின் சர்வீஸ் மையம்.

கேள்வி: முன்கண்ணாடியில் பிசின். வைப்பரும் வாஷரும் போட்டேன், கண்ணாடி முழுக்க மங்கலாகிவிட்டது. வைப்பர் மாற்ற வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கண்ணாடியை ஆல்கஹால் துணியால் துடையுங்கள். கெட்டித் துளி இருந்தால் கண்ணாடியை நன்கு நனைத்துக்கொண்டு பிளாஸ்டிக் பிளேடால் தள்ளலாம். வைப்பர் ரப்பரின் விளிம்பை ஷாம்புத் தண்ணீரில் துடையுங்கள். துணியில் கறுப்பு வருவது நின்ற பிறகும் கோடு போட்டால் மாற்றுங்கள். அதுவரை வைப்பரைப் போடாமல் இருங்கள்.